தரங்கம்பாடியில் ஒரு பகல்

பணி ஓய்வுக்குப் பின் ஊர் சுற்றக் கிளம்பும் நேயர்களே! ஒரே நாளில் நாலைந்து ஊர் பார்த்துவிடும் அவசரம் இனி வேண்டாம். ஒரு சிற்றூருக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள். அதற்குத் தரங்கம்பாடி அருமையான ஊர்.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்துவிடலாம். பழைய நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. அங்கிருந்து கடற்கரை வரை வண்டி வாகனமே தேவையில்லை. வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். வழியில், 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பைச் சற்று அண்ணாந்து பாருங்கள். டென்மார்க் மன்னரின் மகுடச் சின்னம் தெரியும். 1706இல் கப்பலில் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு இந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மறைந்தபோது அவருக்கு வயது 36தான். அதற்குள் எவ்வளவு செய்திருக்கிறார்!

கடற்கரைத் திடலில் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1620இல் எழுந்தது. 1845இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் அவசியம் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

குடை, தண்ணீர், அன்றாட மாத்திரைகளை மறக்க வேண்டாம். அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை முன்னதாகவே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.