நின்ற இருதயமும் மருந்தின் எல்லையும்

ஊசியின்மேல் வைத்த நம்பிக்கை

ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ ஒருவர் திடீரென நினைவிழந்து விழுந்து மாண்டுவிட்டால், "வேளைக்கு ஒரு ஊசி போட்டிருந்தால் தப்பியிருப்பார்" என்று செத்தவீட்டில் பேசிக்கொள்வது வன்னியிலே சகஜம். அப்பேச்சில் ஓரளவு உண்மை உண்டெனினும், நின்ற இருதயத்தை மீளவும் துடிக்கச் செய்யும் காரியத்தில் மருந்துக்குரிய ஸ்தானம் முதலாவதன்று.

அட்ரினலின்

முதன்மையான மருந்து அட்ரினலின். 1 மில்லிகிராம் அளவில், 3 முதல் 5 நிமிஷத்துக்கொருமுறை நாளத்தின் வழியே செலுத்தப்படும் இம்மருந்து, கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நெஞ்சை அழுத்துவதால் எழும் சொற்ப இரத்தவோட்டத்தை இருதயத்தின் பக்கம் திருப்புகிறது. அழுத்துவார் இல்லையெனில் திருப்புவதற்கு ஓட்டமே இராது. (இருதயத்திலேயே நேராக ஊசி குத்தும் வழக்கம் இப்போது சினிமாவில்தான் மிஞ்சியிருக்கிறது.)

பிரித்தானியாவில் 8,000 பேருக்கு மேற்பட்டோரை உட்படுத்தி 2018இல் வெளியான ஆராய்ச்சியில், அட்ரினலின் பெற்றோருள் 3.2 சதவீதத்தினரும், பெறாதோருள் 2.4 சதவீதத்தினரும் 30 நாள் கடந்து உயிரோடிருந்தனர். ஆயினும் மூளை பழுதின்றிப் பிழைத்தோர் தொகையில் திட்டமான வித்தியாசம் காணப்படவில்லை. அங்கே அவசர அழைப்புக்கும் ஊசிக்கும் இடையே ஏறத்தாழ 21 நிமிஷம் கழிந்திருந்தது என்பதை, மாஞ்சோலை வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் பிரயாணம் செய்யவேண்டிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

ஏனைய மருந்துகள்

மின்னதிர்ச்சி மும்முறை கொடுத்தும் இருதயத்தின் தாறுமாறான துடிப்பு அடங்காவிடில் அமியோடரோன் 300 மில்லிகிராமும், பின்னும் வேண்டின் 150 மில்லிகிராமும் கொடுப்பர். அதற்குப் பதிலாக லிக்னோகெயினும் உண்டு. அத்ரோபின் 2010இல் வழமையான சிகிச்சையினின்று நீக்கப்பட்டது. கல்சியமும் சோடியம் பைகாபனேற்றும் எல்லோருக்கும் உரியவையல்ல. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இருதயம் நின்றவர்க்கோ அவை இன்றியமையாதவை. சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாப் பக்கத்தில் இது அற்ப விஷயமன்று. ஆகையால் நோயாளியின் பழைய வியாதி, குடித்த மாத்திரை, உட்கொண்ட நஞ்சு யாதாயினும் வைத்தியரிடம் ஒளியாது சொல்லுங்கள்.

மருந்து வருமுன்

விழுந்தவர் தட்டியழைத்தும் அசையாமல், மூச்சின்றியோ விட்டுவிட்டு இழுத்துக்கொண்டோ கிடந்தால், 2018 முதல் வடமாகாணத்திலும் இலவசமாக இயங்கும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்துவிட்டு, நெஞ்சென்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். இப்பயிற்சியை ஊர்ச் சனசமூக நிலையந்தோறும் நடத்துமாறு உங்கள் பிரதேச சுகாதார அதிகாரியைக் கேளுங்கள்.