ஸ்கூல் டைரியை நம்பாதீர்கள், காலண்டரில் போட்டு வையுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: “படம் பார்க்கிறோம், பாட்டு கேட்கிறோம், வேறு எதற்குப் பயன்படும்?” பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கு என்னிடம் தயாரான பதில் இருக்கிறது. வழக்கமான பள்ளி நாள் யாருக்கும் மறக்காது. எப்போதாவது வரும் சிறப்பு நாட்கள்தான் நழுவிப் போகும்.

எங்கள் ஊர் செஞ்சிக்கு அருகில் உள்ள வல்லம் (தஞ்சாவூர் வல்லம் அல்ல). இங்கே பல வீடுகளில் அப்பா சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார். அம்மா வயல் வேலைக்குப் போகிறார். பிள்ளையைக் கவனிப்பது பாட்டிதான். பள்ளியில் சொன்ன தேதி மூன்று பேரையும் சேர வேண்டும்.

சேராவிட்டால் என்ன நஷ்டம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்பவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வு பெற்றால், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பக் கடைசி நாள் ஒரே ஒரு நாள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி இரண்டு நாள் தாமதமாக வந்தது. நன்றாகப் படிக்கும் பெண், தேர்வே எழுத முடியவில்லை.

மூன்று வகை நாட்கள்

முதலில் ஒரு தாளில் சிறப்பு நாட்களை மூன்றாகப் பிரித்துக் கொள்ளுங்கள்.

1. தேதி மாறாதவை: காமராஜர் பிறந்த ஜூலை 15 (2006 முதல் கல்வி வளர்ச்சி நாள்), செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம்.

2. தேதி மாறுபவை: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், பெற்றோர் கூட்டம், குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாள், தேர்வு விண்ணப்ப நாட்கள், மேல்மலையனூர் மாசித் தேர் போன்ற திருவிழாக்களுக்கான உள்ளூர் விடுமுறை.

3. திடீரென வருபவை: மழை விடுமுறை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் நம் மாவட்டப் பள்ளிகளுக்குத் தொடர்ந்து விடுமுறை விட்டது நினைவிருக்கும்.

காலண்டர் உருவாக்குவது எப்படி?

கூகுள் காலண்டர் 2006ல் அறிமுகமானது. இலவசம்தான். ஜிமெயில் முகவரி இருந்தால் போதும். பிரவுசரில் காலண்டர் தளத்தைத் திறந்து, இடது பக்கம் ‘அதர் காலண்டர்ஸ்’ அருகில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் மெனுவில் ‘க்ரியேட் நியூ காலண்டர்’ தேர்ந்தெடுத்து, ‘பள்ளி’ என்று பெயர் கொடுங்கள். உங்கள் சொந்த வேலைகளுடன் இதைக் கலக்க வேண்டாம். தனியாக இருந்தால்தான் இதை மட்டும் மற்றவர்களுடன் பகிர முடியும்.

இனி முதல் வகை. ஜூலை 15ஐக் கிளிக் செய்து, தலைப்பைத் தமிழிலேயே டைப் செய்து, ‘ஆல் டே’ பெட்டியில் டிக் அடியுங்கள். எந்தக் காலண்டர் என்ற இடத்தில் ‘பள்ளி’ இருக்கட்டும். ‘டஸ் நாட் ரிபீட்’ என்ற இடத்தில் ‘ஆனுவலி’ தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். இனி வருடா வருடம் தானாக வரும். ஏதாவது ஓர் ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமையாகி, விழாவை வேறு நாளில் வைத்தால், அந்த ஆண்டுக்கு உரியதை மட்டும் நகர்த்துங்கள். கேட்கப்படும் கேள்விக்கு ‘திஸ் ஈவண்ட்’ என்று பதில் தாருங்கள். ‘ஆல் ஈவண்ட்ஸ்’ கொடுத்தால் எல்லா ஆண்டும் மாறிவிடும்.

இரண்டாவது வகைக்கு ‘ரிபீட்’ கொடுக்கவே கூடாது. மாசித் தேர் அமாவாசைக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் வேறு. உள்ளூர் விடுமுறை அறிவிப்பில் பெரும்பாலும் இன்னொரு வரியும் இருக்கும்: அதற்கு ஈடாக எந்தச் சனிக்கிழமை பள்ளி வேலை நாள் என்பது. விடுமுறையைப் போடும்போதே அந்தச் சனிக்கிழமையையும் போட்டு விடுங்கள். பிள்ளைகள் அதிகம் தவறவிடும் நாள் அதுதான்.

மூன்றாவது வகையை முன்கூட்டிப் போட வழியில்லை. மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் போன வருட அறிவிப்புகளும் சுற்றும். கலெக்டர் அறிவிப்பில் உள்ள தேதியைச் சரிபார்த்த பிறகு நம்புங்கள்.

பகிர்வதில் ஒரு நுணுக்கம்

‘பள்ளி’ காலண்டரின் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் மூன்று புள்ளிகள் தெரியும். அதில் ‘செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்’ சென்று, கணவர் அல்லது மனைவியின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்து, ‘மேக் சேஞ்சஸ் டு ஈவண்ட்ஸ்’ அனுமதி கொடுங்கள். வெளியூரில் இருப்பவரும் தேதிகளைச் சேர்க்கலாம். பொதுவில் எல்லாரும் பார்க்கும்படி மட்டும் வைக்காதீர்கள். பிள்ளை எங்கே, எப்போது இருக்கும் என்பது வெளியாருக்குத் தேவையில்லாத செய்தி.

நினைவூட்டல் மட்டும் பகிரப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தம் கணக்கில், இதே செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள ‘ஆல் டே ஈவண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் தனியாக அமைக்க வேண்டும். இரண்டு கொடுங்கள். ஏழு நாள் முன்பு ஒன்று: வருமானச் சான்றிதழ், போட்டோ தயார் செய்ய நேரம் கிடைக்கும். முதல் நாள் மாலை 7 மணிக்கு ஒன்று: சீருடையா, கலர் டிரெஸ்ஸா என்று பார்க்க.

பாட்டிக்கு என்ன வழி?

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களை விட்டுவிடக் கூடாது. காலண்டரை ‘மன்த்’ பார்வைக்கு மாற்றி, கண்ட்ரோல் விசையுடன் பி அழுத்தி, அந்த மாதத்தைப் பிரிண்ட் எடுங்கள். வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் பிடிஎப் ஆகச் சேவ் செய்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஒரு பக்கம் எடுத்துத் தருவார்கள். அதைத் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி விடுங்கள். எங்கள் வீட்டில் அம்மா பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு மணி நேரம், பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையின் டைரியைப் பார்த்து ஐந்து நிமிடம். இவ்வளவுதான் வேலை. உங்கள் பிள்ளை 8ஆம் வகுப்பு என்றால், இன்றே வகுப்பாசிரியரிடம் அந்த விண்ணப்பத் தேதியைக் கேட்டு முதலில் பதிவு செய்யுங்கள்.