உறங்கும் குழந்தைக்கு மரப்பு மருந்து எதற்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல்)

மாறுகண் அதிர்ஷ்டத்தின் அடையாளம் என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அறிவியல் அதை ஒப்புவதில்லை. ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றின் இழுப்பு ஒத்துப்போகாவிட்டால் இரு விழிகளும் ஒரே இடத்தை நோக்குவதில்லை. கவனியாமல் விட்டால், விலகிய கண் காட்டும் காட்சியைக் குழந்தையின் மூளை ஒதுக்கப் பழகி, அக்கண்ணின் பார்வையே மங்கிவிடலாம். கண்ணாடியால் சரியாகாதபோது, தசையின் இடத்தை மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே எங்கள் தெருவில் யாருடைய மருத்துவச் சீட்டும் என்னிடம் வந்துவிடும். அப்படி வந்த ஒரு தாய் கேட்டார்: "தம்பி, பிள்ளையை முழுசா மயக்கித்தானே பண்றாங்க? அப்புறம் கண்ணுல மரத்துப்போற மருந்து வேற எதுக்கு?" நல்ல கேள்வி. நூலகத்தில் தேடியும் பேராசிரியர்களைக் கேட்டும் நான் அறிந்ததை இங்கே தருகிறேன்.

பொது மயக்க மருந்து மூளையை உறங்க வைக்கிறது. ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியே செய்தி போவது நிற்பதில்லை. வீட்டுக்காரர் உறங்குகிறார், கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது! மரப்பு மருந்து நரம்பிலேயே வேலை செய்கிறது. நரம்புச் சவ்வில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அது அடைத்துவிடுவதால் வலிச் செய்தி கிளம்புவதே இல்லை. மயக்கம் தெளிந்த பின்னும் சில மணி நேரம் அதன் பயன் நீடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கண் தசையை இழுக்கும்போது முக்கிளை நரம்பு வழியே செய்தி மூளைத் தண்டுக்குச் சென்று, வேகஸ் நரம்பு வழியே திரும்பி, இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். 1908-இல் விவரிக்கப்பட்ட இந்த அனிச்சைச் செயல் குழந்தைகளிடம் மிகுதி. விழியைச் சூழ்ந்த டெனான் உறைக்கு அடியில் மரப்பு மருந்தைச் செலுத்தினால் இது குறைகிறது. பின்னர் வரும் வலியும் வாந்தியும்கூடக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு மட்டும் குழந்தையின் எடைக்கு ஏற்பவே இருக்க வேண்டும். மிகுந்தால் இதயத்தையே பாதிக்கும்.

மரப்பு மருந்தின் வரலாறே கண்ணில்தான் தொடங்கியது. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோக்கேன் கரைசலைக் கண்ணில் விட்டு உணர்வை நீக்கிக் காட்டினார். கோக்கேனின் தீமைகள் தெரிந்தபின் வேறு மருந்துகள் தேடப்பட்டன. 1943-இல் சுவீடனில் லோஃப்கிரன் லிடோகெய்னை உருவாக்கினார். நெடுநேரம் பயன்தரும் பூப்பிவகெய்ன் 1957-இல் வந்தது.

இவ்வளவு இருந்தும், பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவர் பலர் 1980-கள் வரை நம்பினர். 1987-இல் ஆக்ஸ்போர்டில் ஆனந்த் என்பவரும் உடனிருந்தோரும் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அறுவையின்போது வலிமருந்தும் பெற்ற குழந்தைகளின் உடல் குறைவாகவே அதிர்ந்தது என்று அது காட்டியது. வாய் சொல்லாததை இரத்தத்தில் இருந்த ஹார்மோன்கள் சொல்லின!

ஆகவே நண்பர்களே, குழந்தைக்கு அறுவை என்று அஞ்சி நிற்கும் பெற்றோரைக் கண்டால், "விழித்த பிறகு வலிக்கு என்ன ஏற்பாடு என்று டாக்டரிடம் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழப்பது பார்வையை. நாம் வகுப்பில் படிக்கும் நரம்பும் அயனியும் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், படிக்க வாய்ப்பில்லாத நம் தெருவுக்கும் போய்ச் சேரட்டும்.