சுங்கச்சாவடியிலிருந்து சித்திரத்துக்கு

மனத்துக்கு நிறைவளிக்காத உத்தியோகத்தை விட்டு நெடுநாளைய அபிலாஷையைப் பின்தொடர்ந்தவர்களுள் பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி ரூஸோவை நான் மிகுந்த மரியாதையுடன் நினைக்கிறேன். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்குத் தீர்வை வசூலிக்கும் இலாகாவில் குமாஸ்தாவாக ஜீவனம் நடத்திய அவர், ஓய்வு வேளைகளில் குரு எவருமின்றித் தாமே தூரிகை பிடித்துப் பழகி, 1886 முதல் சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சியில் படங்களை வைத்து, விமர்சகர்களின் பரிகாசத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டு, 1893-ல், தமது 49-ஆம் வயதில், சொற்பப் பென்ஷனோடு விலகினார். அது போதாமல் சங்கீதம் கற்பித்துக் காலந்தள்ளினார்.

அவசரப்பட்டு விலகாமல், ஏழாண்டுகள் தம் படங்களைப் பிறர் பார்வைக்கு வைத்துப் பார்த்த பின்னரே அவர் வேலையை விட்டது விவேகமான காரியம் என்பது என் அபிப்பிராயம். வேலையை விட எண்ணும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரான்ஸைத் தாண்டியறியாத இந்த மனிதர், பாரிஸின் தாவரத் தோட்டத்துக் கண்ணாடிக் கூடங்களில் வளர்ந்த அயல்தேசச் செடிகளை ஆசைதீரப் பார்த்துப் பார்த்தே, அடர்ந்த வனங்களைத் தீட்டினார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமுமுள்ள 'கனவு' என்ற சித்திரத்தில், நிலவொளியில், பெரும் இலைகளின் நடுவே ஒரு சோபாவில் பெண்ணொருத்தி சாய்ந்திருக்கிறாள். கரிய உருவம் ஒன்று குழலூத, சிங்கங்கள் விழித்துப் பார்க்கின்றன. அதைக் காட்சிக்கு வைத்த 1910-ஆம் ஆண்டிலேயே, செப்டம்பரில், அவர் வறுமையில் காலமானார். அந்தச் சித்திரம் இப்போது நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் இருக்கிறது.