வரிச்சீட்டில் ஒரு நூலகம்

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறியோடு குடியிருப்பவர் செலுத்தும் சொத்து வரியுடன் நூலக வரி என்னும் சிறு தொகையும் சேர்ந்திருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முயற்சியால் உருவான 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமே இவ்வரிக்கு அடிப்படை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமான அதன்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து, மாவட்ட நூலகங்களை நிருவகிக்கும் குழுவாகிய நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கின்றன.

நூல் வாங்க வழிசெய்த இவ்வமைப்பு, நூலை எடுத்துத் தருபவரை அதே அக்கறையுடன் கவனித்ததாகச் சொல்வதற்கில்லை. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம் ஆகியவற்றுக்கு அடுத்த படிநிலையில் உள்ள ஊர்ப்புற நூலகங்களில் பெரும்பாலும் ஒருவரே பணிபுரிவதால், பதிவேடு எழுதுவது, நாளிதழ்களை அடுக்குவது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் அவர் கையிலேயே இருக்கின்றன. அவர் விடுப்பெடுத்தால் கதவே திறப்பதில்லை. முறையான காலமுறை ஊதியம், அதாவது ஆண்டுதோறும் உயர்வுடன் கூடிய நிலையான ஊதியம் வேண்டும் என்பது ஊர்ப்புற நூலகர்களின் நெடுநாள் கோரிக்கை.

பணியின் தன்மையும் மாறிவிட்டது. கதை நூல் தேடி வருவோரைவிட அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களே பல வாசிப்பறைகளை நிறைக்கின்றனர். இணைய விண்ணப்பத்துக்கும் நூலகரையே கேட்கின்றனர். யுனெஸ்கோ 1949இல் முதன்முதலாக வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, நூலகரை மக்களுக்கும் மின்வழி அறிவுக்கும் இடையில் நிற்கும் வழிகாட்டியாகக் கருதி, அவருக்குத் தொடர்ந்து பயிற்சி அளிப்பது இன்றியமையாதது என்கிறது.