வானத்தைத் தாங்கும் காற்று

எகிப்தியக் கடவுள்களில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஷூவைத்தான் சொல்வேன். ஒசிரிஸ், ஐசிஸ் அளவுக்குப் பெயர் பெற்றவர் அல்லர். ஆனால் அவர் இல்லையென்றால் மற்றவர்களுக்கு நிற்க இடமே இருந்திருக்காது.

ஹீலியோபோலிஸ் நகரத்துப் படைப்புக் கதைப்படி, ஆதியில் எங்கும் நீர். அதிலிருந்து தானே தோன்றிய ஆத்தூம் தும்மியும் உமிழ்ந்தும் இரட்டையரைப் பெற்றார்: காற்றாகிய ஷூ, ஈரமாகிய தெஃப்னட். இவர்களுக்குப் பிறந்தவர்கள் பூமியான கெப் என்ற மகனும், வானமான நூட் என்ற மகளும். இருவரும் இடைவெளியே இல்லாமல் தழுவிக் கிடந்தார்கள். ஷூ நடுவே புகுந்து மகளை மேலே தூக்கினார். அப்போதுதான் சூரியன் உலாவ வழியும், உயிர்கள் மூச்சுவிட இடமும் கிடைத்தன.

இந்தக் காட்சியை மிக அழகாகக் காட்டுவது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கிரீன்ஃபீல்ட் பாப்பிரஸ். அமுன் கோயில் தலைமைப் பூசாரி ஒருவரின் மகளுக்காக, ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது; சுமார் 37 மீட்டர் நீளம். அதில் நூட் விரல் நுனிகளைத் தரையில் ஊன்றி வில்லாய் வளைந்திருக்கிறாள். கீழே கெப் ஒரு முழங்காலை மடக்கிச் சாய்ந்து கிடக்கிறான். நடுவில் ஷூ இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறார். என் கண் எப்போதும் போய் நிற்பது அந்தக் கைகளில்தான்: இருபுறமும் ஆட்டுக்கடாத் தலை கொண்ட இரு தேவர்கள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். தூக்கிவிட்டால் முடிந்துபோகும் வேலை அல்ல இது. நாள்தோறும் தாங்கியாக வேண்டும். கடவுளுக்கும் கை வலிக்கும் என்று அந்த ஓவியர் உணர்ந்திருக்கிறார்.

ஷூவின் அடையாளம் தலையில் செருகிய தீக்கோழி இறகு. நீதிக்கும் ஒழுங்குக்கும் உரிய மாஆத் தேவியும் இறகுதான் சூடுகிறாள். துட்டன்காமுன் மன்னனின் கல்லறையிலிருந்து எடுத்த தந்தத் தலையணை ஒன்றிலும் ஷூ இருக்கிறார். இரண்டு சிங்கங்களுக்கு நடுவே மண்டியிட்டு, கைகளை உயர்த்தி, மன்னனின் தலையைத் தாங்குகிறார். அந்தச் சிங்கங்கள் கிழக்கு, மேற்கு அடிவானங்களின் காவலர்கள். சூரியனைப் போல மன்னனும் மீண்டும் எழுவான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. சூரிய வட்டமான ஆத்தெனை ஒற்றைக் கடவுளாக உயர்த்திய அக்கெனாத்தென் மன்னன்கூடத் தொடக்கத்தில் ஷூவை விலக்கவில்லை. ஆத்தெனின் முறைப்பெயருக்குள்ளேயே ஷூவின் பெயர் இருந்தது.

புயலுக்கும் இடிக்கும் அஞ்சி அவற்றைக் கடவுளாக்கியவர்கள் பலர். எகிப்தியர்களோ, கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தையே ஓர் உழைப்பாகக் கண்டு வணங்கினார்கள். படைப்பு என்பது பொருள்களை உண்டாக்குவது மட்டுமன்று, அவை வாழ இடம்விட்டு அந்த இடத்தைக் காப்பதும்தான் என்ற அந்தச் சிந்தனையை நான் மனதார மதிக்கிறேன்.