மஞ்சள் நிறம் இழந்த மஞ்சள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவன் கட்டுமாவடியில் மீன் சாப்பிடாமல் போகமாட்டான். நானும் உட்கார்ந்தேன், வேட்டியில் குழம்பு சிந்தியது. ஊர் திரும்பிச் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. “போட்டுக் கசக்காதீங்க, அலசி வெயில்ல போடுங்க” என்றாள் மனைவி. சாயங்காலம் பார்த்தால் கறையைக் காணோம்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினின் குணம் அது. காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் நடப்பதும் இதுதான். வெயில் பட்டால் சிதையும். 1815இல் வோகல், பெல்லட்டியே என்ற இரு வேதியியலாளர்கள் குர்குமினைப் பிரித்தெடுத்தார்கள். மூலக்கூறின் அமைப்பு 1910இல்தான் பிடிபட்டது. நூறு கிராம் மஞ்சள்தூளில் தேறுவது மூன்று கிராம் அளவுக்குத்தான்.

மஞ்சளுக்குக் குர்குமின் என்றால், தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது டைரோசினேஸ் என்ற நொதி. வெயில் ஏற ஏற அதற்கு வேலையும் ஏறும். குர்குமின் இந்த நொதிக்குக் கடிவாளம் போடுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முகம் மஞ்சளாகி, தலையணை உறையும் மஞ்சளாகும் கிரீமை யார் வாங்குவார்? போதாததற்கு, வெளிச்சத்தில் அது நிற்பதும் இல்லை.

வேதியியலாளர்கள் குர்குமினோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தார்கள். மூலக்கூறின் நடுச்சங்கிலியில் இருந்த இரட்டைப் பிணைப்புகள் போயின. அவற்றோடு நிறமும் போனது. கிடைத்தது வெள்ளைப் பொடி: டெட்ராஹைட்ரோகுர்குமின். கிரீம் டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தில் தேடினால் சிலவற்றில் இந்தப் பெயர் அகப்படும். மங்கு, வெயில் கருமை போன்றவற்றைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையில் சேர்க்கிறார்கள். பிறவி நிறத்தை மாற்றும் என்று எவராவது சொன்னால் காசைப் பையிலேயே வைத்திருங்கள். மெலனின் வெயிலுக்குப் பிடித்த குடை. அதை முழுக்க மடக்கிவிட்டுக் கடற்கரையில் நிற்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நம் பெண்கள் முகத்துக்கென்று தேடிய கஸ்தூரி மஞ்சளும் நிறம் குறைந்ததுதான். அசல் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிர் சந்தன நிறம், கற்பூர வாசம். கையில் அவ்வளவாக ஒட்டாது. கடைகளில் அந்தப் பெயரில் வேறு கிழங்குகளும் விற்கின்றன. உடைத்த இடம் பளீரென்று ஆரஞ்சாக இருந்தால் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமாவடிச் சந்தையில் எனக்கு நண்டு நிறுத்துக் கொடுத்த ஆச்சி சாதா மஞ்சள்தான் பூசியிருந்தார். பத்து மணி வெயிலுக்கு அதில் பாதி போயிருந்தது.